பதினோரு உருப்படி

இந்தக் காலத்து மனிதர்களுக்குத் தின்னாத ஆட்டின் மேல்தான் பாசம். கறக்கமாட்டார்கள், அறுக்கமாட்டார்கள், விற்கவும் மாட்டார்கள். ஆனால் அது தண்ணீர் குடித்ததா, குட்டி போட்டதா, போன வருஷத்தைவிடக் கூடியிருக்கிறதா குறைந்திருக்கிறதா என்று ஆபீசுக்கு லீவு போட்டுவிட்டுப் போய்ப் பார்ப்பார்கள். பெற்ற தகப்பன் எதிரே உட்கார்ந்திருந்தால் அவனிடம் பேசுவதற்கு மட்டும் ஒன்றும் அகப்படாது. அமெரிக்காவில், ஃபிரிஸ்கோவிலிருந்து மேற்கே ஓடிக்கொண்டிருந்த காரின் பின் இருக்கையில் சாய்ந்துகொண்டு சேனாபதி இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தார். நினைத்ததை உள்ளேயே வைத்துக்கொள்கிற பழக்கம் அவருக்கு இல்லை.

"ஒம்பது மணி நேரம் கார்ல போயி ஆடு பாக்கறாங்களாமா. ஊர்ல சொன்னா வாயில சிரிக்கமாட்டாங்க."

முன் இருக்கையில் இருந்த நாச்சிமுத்து திரும்பாமலே சொன்னார். "சந்தையில நிக்கறது வேறங்க மாப்ள. இது காட்டு ஆடு. மனுசன் கை படாதது."

"கை படாத ஆடு எதுக்கு ஆகும்?"

"எதுக்கும் ஆகவேண்டாம்னுதானே உட்டு வெச்சிருக்கறாங்க."

பக்கத்தில் இருந்த மரகதம் சிரித்தாள். அண்ணன் வாயைத் திறந்தாலே அவளுக்குச் சிரிப்புத்தான். கட்டிய புருஷன் நாற்பது வருஷத்தில் சொன்ன எதற்கும் அவள் இப்படிப் பல் தெரியச் சிரித்ததாகச் சேனாபதிக்கு ஞாபகம் இல்லை.

நாச்சிமுத்து மரகதத்தின் கூடப்பிறந்த அண்ணன். அது போதாதென்று மகன் சபரிக்கு மாமனாராகவும் ஆகிவிட்டார். தாய்மாமன் மகள் எழிலரசியைத்தான் சபரி கட்டியிருந்தான். மே மாதம் எழிலரசிக்குக் குழந்தை பிறந்ததில் இரண்டு பக்கத்துப் பெரியவர்களும் ஒரே வீட்டில் வந்து இறங்கியிருந்தார்கள். இப்போது ஆகஸ்ட். குழந்தையோடு எழிலரசியும், துணைக்கு அவள் அம்மா சாந்தாமணியும் வீட்டில் இருந்துகொள்ள, மற்ற நால்வரும் கிளம்பியிருந்தார்கள். சபரி காரை ஓட்டினான். நாச்சிமுத்து இன்டர்நெட்டிலிருந்து அச்செடுத்த வழித்தாளை மடியில் விரித்து வைத்துக்கொண்டு, "இன்னும் நாலு மைல்ல எக்ஸிட் வருது சபரி, ரைட்ல ஒதுங்கிக்கோ" என்று சொல்லிக்கொண்டு வந்தார். அவன் ஒதுங்கினான்.

அப்படித்தான் சின்ன வயதிலிருந்தே. மாமா சொன்னால் சபரி ஒதுங்குவான், மாமா சொன்னால் திரும்புவான். எந்தப் படிப்பு என்று மாமாவைக் கேட்டான். எந்த வேலை என்று மாமாவைக் கேட்டான். கோயமுத்தூரில் காலேஜில் சேர்க்கிற அன்றைக்கு சேனாபதி சந்தையிலிருந்து நேராகப் போயிருந்தார். வேட்டியில் ஆட்டுப் புழுக்கை வாசம். நாச்சிமுத்து இஸ்திரி போட்ட சட்டையில் பேனாவோடு வந்திருந்தார். "அப்பா, உள்ள மாமா வரட்டும், நீங்க வெளிய இருங்க" என்றான் பையன். பிரின்சிபால் ரூமுக்கு வெளியே சைக்கிள் ஸ்டாண்டில் இரண்டு மணி நேரம் நின்றார் சேனாபதி. உள்ளே போன மச்சான் கார்டியன் என்று கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தான். அந்தச் சொல்லுக்கு அர்த்தம் கேட்டுத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அது தொண்டையில் முள்ளாக நின்றது.

நாச்சிமுத்து கால்நடை ஆஸ்பத்திரியில் ஆய்வாளராக இருந்து ரிட்டயர் ஆனவர். சேனாபதி மூன்றாம் வகுப்போடு நின்றவர். ஆனால் ஆடு என்று வந்தால் கதை வேறு. நாற்பது வருஷம் ஆடு வாங்கி விற்றவர் சேனாபதி. முதுகில் கை வைத்தால் உள்ளே எவ்வளவு கறி என்று சொல்லுவார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்த்தால் வயது சொல்லுவார். ஊசி போடத் தெரிந்தவனுக்கு அது வருமா? அதனால்தான் போன வாரம் சாப்பாட்டு மேஜையில் சபரி இந்தப் பேச்சை எடுத்தபோது சேனாபதிக்குச் சோறு இறங்கவில்லை.

சபரியோடு வேலை பார்க்கிற ஒருவனுக்குத் தெரிந்த அம்மாள், பெயர் மார்த்தா, மேற்கே பாலைவனத்து மலையடிவாரத்தில் பெரிய பண்ணை வைத்திருந்தாள். அவள் நிலத்து மலையில் பெரிய கொம்புக் காட்டு ஆடுகள் இருந்தன. மழை கிடையாது. தகரக் கூரை போட்டு, விழுகிற கொஞ்ச மழையையும் தொட்டியில் பிடித்து, அந்த ஆடுகளுக்குத் தண்ணீர் வைத்திருந்தாள். வருஷா வருஷம் ஆகஸ்டில் அவை தண்ணீர் குடிக்க இறங்கும்போது மறைவில் உட்கார்ந்து எண்ணுவார்களாம். இந்த வருஷம் ஆள் குறைச்சல்.

"ஆட்டைப் பத்தித் தெரிஞ்சவங்க வந்தா நல்லதுன்னு சொன்னாங்க," என்றான் சபரி.

சேனாபதி கையைத் தட்டிலேயே நிறுத்தினார். கேட்கப் போகிறான். முப்பத்தாறு வயதில் முதல் முறையாக ஒன்றைத் தகப்பனிடம் கேட்கப் போகிறான்.

"மாமா, நீங்க வர்றீங்களா? ஃபார்ம் எல்லாம் ஃபில் பண்ணணும். ஈசிதான்," என்றான் சபரி. அப்புறம்தான் இந்தப் பக்கம் திரும்பினான். "அப்பா, உங்களுக்கும் ஒரு சேஞ்சா இருக்கும்."

அன்றைக்கே சேனாபதி ஒரு முடிவு செய்துகொண்டார். ஆட்டு விஷயத்திலாவது மச்சானுக்கு மேலே ஒருத்தன் இருக்கிறான் என்று மகன் வாயால், மச்சான் காதுபடச் சொல்லவைக்க வேண்டும். ஒரு தடவை போதும். ஊருக்குத் திரும்ப இன்னும் பத்து நாள்தான் இருந்தது.

கார் போகப் போக பூமி வெளுத்துக்கொண்டு வந்தது. வீடு இல்லை, ஆள் இல்லை. கண்ணுக்கெட்டிய மட்டும் சீமைக்கருவேலமும் சப்பாத்திக்கள்ளியும்.

"இதுக்கா டீசல் போட்டுட்டு வந்தோம்? நம்மூருல இதை வெட்டறதுக்கு ஆளுக்குக் கூலி குடுக்கறோம்," என்றார் சேனாபதி.

"டீசல் இல்லீங்கப்பா. பெட்ரோல்," என்றான் சபரி.

நாச்சிமுத்து தாள்களைப் புரட்டினார். ஆடுகளைப் பற்றிச் சபரி பன்னிரண்டு பக்கம் அச்செடுத்துக் கொடுத்திருந்தான். "மாப்ள, இங்க பாருங்க. இந்தக் கெடாயோட கொம்புல வளையம் வளையமா இருக்குதாமா. வருசத்துக்கு ஒண்ணு. அதை எண்ணியே வயசு சொல்லிறலாமாமா. தூரத்துல இருந்தே."

"கொம்புல வயசு பாக்கறவன் வாய்க்குள்ள கையை உடப் பயப்படறவன். வயசு பல்லுலதான்."

"காட்டு ஆட்டுக்கு யாருங்க வாயைத் தொறக்கறது?"

"அப்ப வயசு தெரியாதுன்னு ஒத்துக்கோணும். கொம்பைப் பாத்துச் சொல்றது சோசியம்."

மரகதம் மறுபடி சிரித்தாள். இந்தத் தடவை யாரைப் பார்த்துச் சிரித்தாள் என்று தெரியவில்லை. சபரி கண்ணாடியில் பார்த்து, "மாமா சொல்றது சயின்ஸுப்பா," என்றான். அதோடு சேனாபதி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

சாயங்காலம் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தார்கள். மார்த்தாவுக்கு எழுபது வயது இருக்கும். ஆண்பிள்ளைச் சட்டை, தொப்பி, வெயிலில் வெந்த மூக்கு. கையைக் கொடுத்தாள். பிடி நல்ல பிடி. வேலை செய்கிற கை என்று சேனாபதி மதிப்புப் போட்டார். மேஜையைச் சுற்றி உட்காரவைத்து அவள் விதிகளைச் சொல்ல, சபரி தமிழில் சொன்னான். காலை ஆறிலிருந்து பத்து வரை மறைப்புக்குள் இருக்க வேண்டும். எழுந்திருக்கக் கூடாது. சத்தம் கூடாது. பேசினால் காதோடு காதாக. கிடாய் எத்தனை, பெட்டை எத்தனை, குட்டி எத்தனை என்று கட்டம் போட்ட தாளில் எழுத வேண்டும். கண்ணில் பட்டதை மட்டும். இருக்கும், இருந்திருக்கும் என்பதெல்லாம் கணக்கில் வராது.

"அப்பாவும் மாமாவும் தொட்டிக்குப் பக்கத்து மறைப்புல. நானும் மார்த்தாவும் எதுத்த மேட்டுல, டெலஸ்கோப்போட."

மார்த்தா தாளையும் பென்சிலையும் நீட்டினாள். சேனாபதியின் கை மேஜைக்கு மேல் வந்துவிட்டது. ஆனால் சபரி அவற்றை வாங்கி நாச்சிமுத்துவிடம் கொடுத்தான். பேசுகிற கருவி ஒன்றும் இருந்தது. பொத்தானை அமுக்கினால் எதிர் மேட்டில் கேட்கும். அதுவும் நாச்சிமுத்துவிடம் போயிற்று. வந்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் சேனாபதி மேஜையில் இருந்த உப்புக்குடுவையைத் தள்ளி வைத்தார்.

"நீங்க சும்மா உக்காந்து பாருங்க. எழுதற வேலையெல்லாம் அண்ணன் பாத்துக்குவாங்க," என்றாள் மரகதம்.

மறுநாள் காலை ஆறு மணிக்கெல்லாம் இருவரும் மறைப்புக்குள் இருந்தார்கள். தகரமும் காய்ந்த கிளையும் வைத்துக் கட்டிய சின்னக் கொட்டகை. முன்னால் ஒரு சாண் இடைவெளி. அதன் வழியாகத் தொட்டி தெரிந்தது. தொட்டிக்கு மேலே சுவர் மாதிரி மலை. காற்று மலைப் பக்கத்திலிருந்து முகத்தில் அடித்தது. நாச்சிமுத்து பிளாஸ்கில் காபி கொண்டுவந்திருந்தார். மூடியில் ஊற்றி நீட்டினார். சேனாபதி வேண்டாம் என்று தலையசைத்தார். கொஞ்ச நேரம் கழித்து வாசனை தாங்காமல் வாங்கிக் குடித்தார். அதற்காகவும் அவருக்குக் கோபம் வந்தது.

ஏழரை வரை ஒன்றும் இல்லை. அப்புறம் மேலே ஒரு கல் உருண்டது.

வந்தது எப்படி வந்தது என்று தெரியவில்லை. பாறையாக இருந்த இடத்தில் ஒரு பெட்டை நின்றது. பாறை நிறம். கீழே தொட்டியைப் பார்த்தபடி அசையாமல் நின்றது. பத்து நிமிஷம் இருக்கும். சேனாபதிக்குத் தன் கால் மரத்துப்போனதே தெரியவில்லை. அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் குட்டியோடு ஒன்று. செங்குத்துப் பாறையில் படிக்கட்டில் இறங்குவதுபோல் இறங்கின. ஆடா இது? கம்பளியும் இல்லை, மந்தை மந்தையாக முட்டிக்கொண்டு வரும் வழக்கமும் இல்லை. உடம்பு மான் மாதிரி, பின்பக்கம் சுண்ணாம்பு அடித்தாற்போல் வெள்ளை.

கடைசியாகக் கிடாய் வந்தது.

சேனாபதி மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டார். இரண்டு பக்கமும் காதுக்குப் பின்னால் போய்ச் சுருண்டு கன்னத்துக்கு முன்னால் வந்து நிற்கிற கொம்பு. நுனி இரண்டும் பாறையில் மோதித் தேய்ந்து மழுங்கியிருந்தது. அந்தக் கொம்பைத் தூக்கவே ஒரு கழுத்து வேண்டும். அந்தக் கழுத்து இருந்தது. முதுகு நேர்கோடு. அப்படி ஒரு முதுகைச் சந்தையில் அவர் பார்த்ததில்லை. கை அவரை அறியாமல் நீண்டு விரிந்தது. இடுப்பெலும்புக்கு மேலே பிடித்துப் பார்க்கிற விதத்தில். அப்புறம் பக்கத்தில் நாச்சிமுத்து தன் கையைப் பார்ப்பது தெரிந்து மடக்கிக்கொண்டார்.

நாச்சிமுத்து பென்சிலை நக்கி எழுதினார். பெரிய கிடாய் ஒன்று, சின்னக் கிடாய் இரண்டு, பெட்டை நாலு, குட்டி இரண்டு. தாளைக் காட்டினார். "ஒம்பது," என்றார் காதோடு.

"பதினொண்ணு."

"எங்க?"

"அந்தக் கடைசிப் பெட்டை ரெண்டையும் பாரு. மடி இருக்குது. குட்டி பக்கத்துல இல்ல. ரெண்டும் அந்த முட்டுப்பாறையவே திரும்பித் திரும்பிப் பாக்குது. பாறைக்குப் பின்னால படுத்திருக்குது. ரெண்டு குட்டி."

ஆள் முன்னால் இருந்தால் நீங்க, வாங்க. தனியாக இருந்தால் நீ, வா. இருவருக்குள்ளும் அது அந்தக் காலத்திலிருந்தே வழக்கம்.

நாச்சிமுத்து கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். "எனக்குப் படல."

"உனக்கு எப்பப் பட்டுச்சு? எழுது."

"கண்ணுல பட்டதுதான் எழுதோணும்னு அந்தம்மா சொல்லியிருக்குது மாப்ள. நாம பாட்டுக்கு எழுதக்கூடாது."

"நான் சொல்றேன். எழுது."

"நீ சொன்னா ஆச்சா?"

அந்த வார்த்தையை நாச்சிமுத்து சாதாரணமாகத்தான் சொன்னார். ஆனால் சேனாபதிக்குள் அது போய் விழுந்த இடம் வேறு. சைக்கிள் ஸ்டாண்டில் நின்ற கால் வலித்தது. இந்தத் தாள் ஒன்பது என்று மேட்டுக்குப் போகும். மகன் பார்ப்பான். மாமா ஒன்பது என்றால் ஒன்பதுதான். பாறைக்குப் பின்னால் படுத்திருக்கிற இரண்டும் எழுந்து நின்றால் போதும், எழுதித்தான் ஆகவேண்டும்.

அவர் நாக்கை மேலண்ணத்தில் ஒட்டி, "ட்ர்ர்ர்ர், ஹேய்" என்று ஒரு குரல் கொடுத்தார். மேய்கிற ஆடு எதுவாக இருந்தாலும் தலையைத் தூக்கவைக்கிற குரல். சந்தையில் ஐந்நூறு ஆட்டுக்கு நடுவில் அவருடைய ஆடு எது என்று காட்டிக்கொடுக்கிற குரல்.

எல்லாத் தலையும் ஒரே சமயத்தில் நிமிர்ந்தன. முட்டுப்பாறைக்குப் பின்னாலிருந்து ஒரு குட்டி எழுந்தது. இன்னொன்று எழுந்தது.

"பாத்தியா? பதினொண்ணு," என்றார் சேனாபதி.

சொல்லி முடிப்பதற்குள் மலை காலியாகிவிட்டது. கல் சரிகிற சத்தம் மட்டும். பெரிய கிடாய் உச்சி விளிம்பில் ஒரு தடவை தெரிந்து மறைந்தது. தொட்டியில் தண்ணீர் ஆடாமல் கிடந்தது. ஒரு ஆடுகூட வாய் வைத்திருக்கவில்லை.

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை. நாச்சிமுத்துவின் மடியில் கருவி கரகரத்தது.

"மாமா, என்ன ஆச்சு? எல்லாம் ஓடிருச்சே. மார்த்தா கேக்கறாங்க. ஏதாவது சத்தம் போட்டீங்களா?"

இவ்வளவு தூரம் வந்து, தாகத்தோடு இறங்கின பிராணிகளைத் துரத்திவிட்டவன் யார் என்று மச்சான் இப்போது சொல்லிவிடுவான். சொல்லத்தான் வேண்டும். அவன் இடத்தில் தான் இருந்தால் சொல்லியிருப்போம் என்று சேனாபதிக்குத் தெரியும்.

நாச்சிமுத்து பொத்தானை அமுக்கினார். "நான்தான், சபரி. இருமல் வந்துருச்சு. அடக்கிப் பாத்தேன், முடியல. அந்தம்மாகிட்ட சாரி சொல்லிரு." அப்புறம் கொஞ்சம் நிறுத்தி, "எண்ணிக்கை பதினொண்ணு. பாறைக்குப் பின்னால ரெண்டு குட்டி இருந்துச்சு. அப்பாதான் கண்டுபுடிச்சாரு. நான் ஒம்பதுன்னு எழுதியிருந்தேன், அடிச்சுட்டுத் திருத்திட்டேன்."

பிறகு சபரி, "ஓ. நாங்க ஒம்பதுதான் பாத்தோம். சரி, வந்துருங்க," என்றான்.

மறைப்பை விட்டு வெளியே வந்து இருவரும் வண்டிக்காக நின்றார்கள்.

பண்ணை வீட்டு வராந்தாவில் எல்லோரும் கூடினார்கள். மார்த்தா கோபித்துக்கொள்ளவில்லை. சாயங்காலம் திரும்ப வரும், தாகம் அதற்குத் தெரியும் என்றாளாம். சபரி நேராகச் சேனாபதியிடம் வந்தான்.

"அப்பா, டெலஸ்கோப்புலகூட எங்களுக்குத் தெரியல. நீங்க வெறுங்கண்ணுல எப்படிப் பாத்தீங்க? மார்த்தா ஆச்சரியப்பட்டாங்க. மாமா, அப்பா உங்களையே மிஞ்சிட்டாரு."

இதோ. மச்சான் காதுபட, மகன் வாயால். அவர் கேட்டது அப்படியே வந்துவிட்டது. சேனாபதி அது நெஞ்சில் இறங்கட்டும் என்று காத்திருந்தார், இறங்கவில்லை. விருந்து வீட்டில் ஒருவன் தன் இலையிலிருந்து எடுத்து வைத்த பலகாரத்தைப் போல் அது முன்னால் கிடந்தது.

அதற்குள் சபரி திரும்பிவிட்டான். "மாமா, எத்தனை நாளா இருமல்? டாக்டர்கிட்டப் போலாமா? அர்ஜென்ட் கேர் எதுனா இருக்கான்னு பாக்கட்டுமா?"

"அண்ணா, கார்ல ஏசியை மூஞ்சிக்கு நேரா வெச்சுட்டு வந்தப்பவே நெனச்சேன்," என்று மரகதம் மிளகு தட்டக் கிளம்பினாள். மார்த்தா உள்ளே போய்த் தேன் பாட்டிலோடு வந்தாள். நாச்சிமுத்து பெரிய நாற்காலியில் நடுவில் உட்கார்ந்திருந்தார். ஒரு பக்கம் தங்கை, ஒரு பக்கம் மருமகன், எதிரே தேனோடு வெள்ளைக்காரி. இருமாத இருமலுக்கு இவ்வளவு. சேனாபதி போன மாதம் நிஜமாகவே நாலு நாள் இருமினார். "தண்ணி நெறையக் குடிங்கப்பா" என்பதோடு சரி.

தப்பு செய்தவன் நான். அதற்கு வருகிற கவனிப்புகூட அவனுக்கா?

"அவன் இருமல," என்றார் சேனாபதி.

எல்லோரும் பார்த்தார்கள்.

"நான்தான் கத்துனேன். ஆட்டைக் கூப்புடற மாதிரி. அதுலதான் ஓடுச்சு."

சபரி ஒரு நிமிஷம் பார்த்துவிட்டுச் சிரித்தான். அன்பாகத்தான் சிரித்தான். "அப்பா, மாமாவைக் காப்பாத்தறீங்களா? இதுல என்னப்பா இருக்கு, இருமல் யாருக்கும் வர்றதுதான்."

"காப்பாத்தறனா? டேய், நான் சொல்றேன், நான்தான்."

"நீங்க கத்தியிருந்தா எங்களுக்குக் கேட்டிருக்குமே."

"காத்து எம் மூஞ்சிக்கு அடிச்சுது. உங்க பக்கம் எப்படிக் கேக்கும்?" என்றவர், நம்பவைக்க வேண்டும் என்று, "ட்ர்ர்ர்ர், ஹேய்" என்று வராந்தாவிலேயே குரல் கொடுத்துக் காட்டினார். மார்த்தாவின் நாய் வாலை ஆட்டிக்கொண்டு வந்து காலடியில் உட்கார்ந்தது. மார்த்தா கைதட்டினாள்.

மரகதத்துக்குக் கண் கலங்கிவிட்டது. "இத்தனை வருசத்துல இன்னைக்காச்சும் எங்கண்ணனுக்காகப் பேசுனீங்களே. எனக்கு இது போதுமுங்க."

"நீ சும்மா இரு."

சபரி நாச்சிமுத்து பக்கம் திரும்பினான். "மாமா, நீங்களே சொல்லுங்க. யாரு?"

சேனாபதிக்கு அந்தக் கேள்வியில் எல்லாம் புரிந்துவிட்டது. தகப்பன் தன் வாயால் தன் குற்றத்தைச் சொல்கிறான்; அது மெய்யா என்று மகன் மாமனைக் கேட்கிறான். நாச்சிமுத்து சேனாபதியைப் பார்த்தார். அந்தப் பார்வை, விட்டுவிடு என்றது.

"நான்தான் இருமுனேன் சபரி. மாப்ளைக்கு எம்மேல அத்தனை பாசம்."

"அதானே," என்றான் சபரி. பேச்சு முடிந்துவிட்டது. மிளகு ரசம் வந்தது.

சேனாபதி வராந்தாவை விட்டு இறங்கினார். முன்பக்கத்து இரும்புக் கேட்டைத் தாண்டினால் மண் சாலை. அதில் போய் நின்றார். வெயில் ஏறியிருந்தது. பின்னால் செருப்புச் சத்தம் கேட்டது. நாச்சிமுத்து. கையில் ரச டம்ளர்.

"எதுக்குப் பொய் சொன்னே?" என்றார் சேனாபதி.

"நீ கேட்டது உனக்குக் கெடச்சுதா இல்லையா?"

"நான் உங்கிட்டக் கேக்கல."

"எங்கிட்டக் கேக்கல. அவன்கிட்டக் கேட்டே. முப்பத்தாறு வருசமாக் கேக்கறே. எனக்குக் கண்ணில்லையா?"

"அதைக் குடுக்கறதுக்கு நீ யாரு? எடுத்தவன்தானே நீ."

நாச்சிமுத்து ரசத்தை ஒரு வாய் குடித்தார். காரத்தில் இப்போது நிஜமாகவே இருமல் வந்தது. இருமி முடித்துவிட்டுச் சொன்னார். "ஒண்ணு சொல்றேன் கேளு. ஆஸ்பத்திரிக்கு ஆட்டைத் தூக்கிட்டு வருவாங்க. வந்ததும் என்ன சொல்லுவாங்க தெரியுமா? 'சேனாபதி பாத்துட்டாருங்க, பொழைக்காதுன்னுட்டாரு, எதுக்கும் நீங்க ஒரு ஊசி போடுங்க.' எதுக்கும் ஒரு ஊசி. அதுக்குத்தான் நான். இருவத்தெட்டு வருசம். நீ பொழைக்காதுன்னது ஒண்ணும் பொழச்சதில்ல. எனக்கு எரிஞ்சிருக்காதா? இன்னைக்கும் அந்த ரெண்டு குட்டி எனக்குத் தெரியலீல்ல. நீ காட்டுன பொறவும் தெரியல. எழுதும்போது பென்சிலை ஒடிச்சுறலாமான்னு இருந்துச்சு மாப்ள, பொறாமையில."

சேனாபதி அவர் முகத்தைப் பார்த்தார். உதட்டைத் தூக்கிப் பல்லைப் பார்க்க முடியாத முகம். சந்தையில் அவர் ஆயிரம் பேரைப் பார்த்திருக்கிறார். தன் ஆட்டைத் தானே குறை சொல்லிக்கொண்டு வருகிறவன்தான் பெரிய ஏமாற்றுக்காரன். கால் கொஞ்சம் சொத்தைங்க, பாத்து வாங்கிக்குங்க என்பான். அந்த நேர்மையில் மயங்கி நாம் வயிற்றைப் பார்க்க மறந்துவிடுவோம். இவன் எதை மறைக்க இதைச் சொல்கிறான்? தியாகம் பண்ணினவன் என்ற பேரும் வேண்டும், பொறாமைப்பட்டேன் என்று ஒத்துக்கொண்ட பெரிய மனுஷன் என்ற பேரும் வேண்டும். பாவம் என்று நான் இவன் தோளில் கை போட்டால் அதுவும் இவன் கணக்கில்தான் ஏறும்.

"நல்லாப் பேசறே," என்றார் சேனாபதி. "படிச்சவனாச்சே."

"நெசமாத்தான் சொல்றேன்."

"நம்பறதுக்கு வேற ஆளைப் பாரு."

சாலையோடு நடக்கத் தொடங்கினார். பின்னால் வராந்தாவில் சலசலப்பு. மார்த்தாவின் குரல், அதற்குப் பின் சபரியின் குரல்: "அப்பா, சீக்கிரம் வாங்க. அந்தக் கெடா மேட்டுல வந்து நிக்குது. அதுக்கு என்ன வயசு இருக்கும்னு மார்த்தா கேக்கறாங்க. வந்து சொல்லுங்க."

சேனாபதியின் கால் ஒரு எட்டு தயங்கியது. கேட்கிறானா? என்னைத்தானா? யார் சொல்லிக்கொடுத்துக் கேட்கிறான்? பின்னால் சாலையில் நின்ற நாச்சிமுத்து ஏதாவது கைச்சாடை காட்டியிருப்பான். நான் போய் ஒரு வயது சொல்லுவேன். அடுத்த மூச்சில், சரியா மாமா என்பான்.

அவர் திரும்பவில்லை. கள்ளிப் புதர்களுக்கு நடுவே மண் சாலை நீண்டு கிடந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, அது எங்கே போகிறது என்று தெரியாமலே நடந்தார்.